சேற்றை அள்ளுவதற்கு முன் ஒரு குழாய் இறக்குங்கள்
(எண்ணூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கடை வியாபாரத்தை விட்டுவிட்டு காசிமேட்டிலிருந்து வந்திருக்கும் படகுச் சங்கப் பெரியவர்களே, குப்பத்து நாட்டார்களே, கூட்டத்துக்கு இடம் தந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஆழ்கடல் சேறு, பருவமழை, தூர்வாரப்போகும் நம் முகத்துவாரம்.

மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பார்கள். ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரி பெரும்பாலும் மணல் பருக்கையளவுதான். சுண்ணாம்பு ஓடு கட்டி வாழும். செத்தால் ஓடு அடியில் படியும். ஆழ்கடலில் ஆயிரம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் சேறுதான் சேரும்; கீழே போகப் போகப் பழைய காலம். கடல்நீரில் பாஸ்பேட் என்ற சத்து கூடும் இடத்தில் காட்மியம் என்ற உலோகமும் கூடும். அடித்தரையில் வாழும் இனங்கள் ஓடு கட்டும்போது அந்தக் காட்மியத்தையும் சேர்த்துக்கொள்ளும். எட்வர்ட் பாயில் என்ற கடல் வேதியியலாளர் 1980-களில் இதைக் கொண்டுதான் பழைய கடலின் சத்தை அளந்தார். அரபிக்கடலில் தென்மேற்குக் காற்று அடிநீரை மேலே கிளப்பும் காலத்தில் குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற ஃபொராமினிஃபெரா இனம் பெருகும். அதன் ஓடு சேற்றில் கூடினால், அன்று காற்றும் வலுத்திருந்தது, கடலும் விளைந்திருந்தது என்று அர்த்தம். நம் வங்கக்கடலில் ஆற்று நன்னீர் மேலே மிதந்து, அடியிலுள்ள சத்து ஏறவிடாமல் தடுக்கிறது. அந்தத் தென்மேற்குக் காற்றுதான் பருவமழையையும் கொண்டுவருகிறது; அது பெரிய கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். போன வருஷம் இதே ஊரில் பிள்ளைகளுக்கு நுண்ணோக்கி காட்டினோம். முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஓர் அக்கா, வாயில் கவ்வும் பறியைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். அவர் காலில் ஒட்டியிருந்த சேற்றையே வாங்கி, சன்னச் சல்லடையில் அலசி வைத்தோம். குனிந்தவர் நிமிரவே இல்லை. "இன்னா சார், குட்டி நத்தையாட்டம் சுருண்டுகினு கீது?" அது அம்மோனியா; வாயு இல்லை, கழிமுகங்களில் சாதாரணமாக இருக்கும் ஒரு ஃபொராமினிஃபெரா வகை. பையன்கள் பின்னால் நின்று சட்டையை இழுக்கிறார்கள், அக்கா விடவில்லை. கடைசியில் கேட்டார்: "ஆத்துல சாம்பல் எப்போ வந்துச்சு, அதுக்கு முன்னாடி எப்டி இருந்துச்சுன்னு இது சொல்லுமா?"

சொல்லும். மாசுபட்ட இடத்தில் இனங்கள் குறையும், ஓடுகள் கோணலாக வளரும். மூர்த்தி சிறிதுதான், சாட்சி பெரிது.

கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் சாம்பல் படிந்ததும், 2017-ல் கடலிலும் 2023-ல் முகத்துவாரத்திலும் எண்ணெய் வந்ததும் நமக்குத் தெரியும். தூர்வாரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இயந்திரம் இறங்குவதற்கு முன், முகத்துவாரத்தில் பல இடங்களில் குழாய் இறக்கி, அடுக்குக் கலையாமல் சேற்றை எடுத்துக் குளிரறையில் பாதுகாக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில், குப்பத்து நோட்டீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். அள்ளிக் கொட்டிய சேற்றை மறுபடி அடுக்கடுக்காக வைக்க யாராலும் முடியாது.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். படகுச் சங்கப் பெரியவர்கள் முதலில்.