முகாம் முடிந்த மறுநாள்

(வெளிநாட்டு மருத்துவ முகாம்களுக்குச் செல்லும் சிங்கப்பூர்த் தமிழ்த் தொண்டூழியர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

அவையோருக்கு வணக்கம். முகாமில் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்ற கணக்கு ஆண்டுதோறும் படங்களோடு நம் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த மாதம் அதே பாட்டிக்கு இரத்த அழுத்த மாத்திரையை யார் கொடுப்பார் என்பது மட்டும் அந்த அறிக்கையில் இருப்பதில்லை.

இலங்கையில் மலேரியா பட்ட பாட்டைச் சொல்கிறேன். வெளிநாட்டு உதவியோடு டிடிடி என்ற கொசுக்கொல்லி மருந்தைத் தெளித்து, 1963இல் நோயாளிகளை நாடு முழுவதற்கும் 17 பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே நோயாளிகள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். கொசுவும் டிடிடிக்குப் பழகிவிட்டது! அதன்பின் நடந்ததுதான் படத்தில் விழாத வேலை. வட்டார மலேரியா அதிகாரிகள், கொசுவைப் பிடித்து ஆராயும் பூச்சியியல் குழுக்கள், காய்ச்சல் என்றால் இரத்தம் எடுத்துப் பார்க்கும் பணியாளர்கள் எனப் பலரும் பல்லாண்டுகள் உழைத்தார்கள். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும்கூட அந்த வேலை அறவே நின்றுவிடவில்லை. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. கடைசிக் கட்டத்தில் வெளிப்பணமும் உதவியது. ஆனால் அதை வாங்கிச் செலவழிக்க அரசின் மலேரியா தடை இயக்கம் என்ற அலுவலகம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

2014இல் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் வந்தபோது, நாற்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் மருத்துவர்கள் சில நூறு பேர்கூட இல்லை. நன்கொடைத் திட்டங்கள் பல இருந்தும், பல மருந்தகங்களில் கையுறையோ குழாய்த் தண்ணீரோ இல்லை. லைபீரியா, கினி, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் 11,000 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சிலருக்குக் கசக்கும். நன்கொடைத் திட்டங்களை நடத்துபவர்கள் கூடுதல் சம்பளம் கொடுத்து அரசு மருந்தகத்தின் நல்ல தாதியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். திட்டம் முடிந்ததும் அவருக்கு இரண்டு இடத்திலும் வேலை இருக்காது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, பல நாடுகளில் திட்டச் சம்பளத்தை நம்பியிருந்த சுகாதாரப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள்.

நிலநடுக்கம், வெள்ளம் என்றால் தயங்காமல் புறப்படுங்கள். மற்ற நேரங்களுக்குச் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புவதற்கு முன், அந்த மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். எத்தனை தாதியர் பணியிடங்கள் காலியாக உள்ளன, எந்த மருந்து அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.