ரசீது வேறு, பத்திரம் வேறு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வரும்போல இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'கையில் சில லட்சம் மட்டுமே இருப்பவர் மனை, வீடு என்று இறங்கலாமா, கூடாதா?' என்பது தலைப்பு. இறங்கலாம் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் 'கூடவே கூடாது' என்று மேசையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். மூன்று காரணம் சொன்னார். நிலம் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள், வெளியே தெரியாத செலவு நிறைய, அவசரத்துக்கு விற்க முடியாது. மூன்றாவதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன் ஐயா. ராத்திரி நெஞ்சுவலி வந்தால் மனையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. காலையில் கடை திறந்ததும் வளையலை அடகு வைத்து மருந்து வாங்கலாம். அதனால் மருத்துவத்துக்கு வைத்திருக்கும் பணம், பிள்ளை படிப்புக்கு அடுத்த ஜூனில் கட்ட வேண்டிய பணம், இவற்றை மண்ணில் போடாதீர்கள். இதைச் சொன்னதற்காக என் அணித் தலைவர் முறைக்கிறார், பரவாயில்லை.

ஆனால் அந்த முதல் காரணம் இருக்கிறதே, அதை விட முடியாது. அண்ணன் பி.ஏ.சி.எல். கதையைச் சொன்னார். நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுக்க 5 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் 49,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த நிறுவனம் அது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று 2014 ஆகஸ்டில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி உத்தரவு போட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. எல்லாம் சரி. ஆனால் ஒரே ஒரு கேள்வி. பணம் கட்டிய அந்தக் கோடிக்கணக்கான பேர் கையில் என்ன இருந்தது? கிரயப் பத்திரமா? பட்டாவா? பெரும்பாலும் ரசீது ஐயா, வெறும் ரசீது! அவர்கள் மண் வாங்கி ஏமாறவில்லை. மண் வாங்காமல் ஏமாந்தார்கள்.

இதை நான் பேப்பரில் படித்துவிட்டு வந்து பேசவில்லை. என் அம்மா கட்டியவர். 2013இல் மாதம் 2,000 ரூபாய், 60 மாதத் தவணை, முடிந்ததும் மனை என்று ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், மதியம் பிரியாணி. பொட்டல் காட்டில் மஞ்சள் கல், நான்கு கலர் கொடி. 'இங்கேதான் பஸ் ஸ்டாண்ட் வருது அம்மா' என்று ஒரு பையன் கையை நீட்டுவான். எங்கள் அம்மா அந்தக் கை காட்டிய திசையைப் பார்த்தே 23 மாதம் கட்டினார். 46,000 ரூபாய். இருபத்து நாலாவது மாதம் போனால் ஆபீசில் பூட்டு. அவரிடம் இருந்தது ஓரம் மடங்கிய ஒரு பாஸ் புத்தகம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எதிரணியில் உட்கார்ந்திருப்பேன். அம்மா விடவில்லை. சீட்டுப் பணம், ஓய்வு பெற்றபோது வந்த சின்னத் தொகை, இரண்டையும் சேர்த்து 2019இல் மறுபடி தேட ஆரம்பித்தார். இந்த முறை வேனில் ஏறவில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது அந்த மனையின் மேல் இதுவரை பதிவான பத்திரங்களின் பட்டியலை, காசு கொடுக்காமலே பார்க்கலாம் என்று என் தம்பி சொல்லிக்கொடுத்தான். முதலில் பிடித்துப்போன மனைக்கு வில்லங்கம் சுத்தம். ஆனால் வில்லங்கச் சான்று பதிவான பத்திரத்தை மட்டும்தான் காட்டும், பாகம் கேட்காமல் இருக்கும் வாரிசைக் காட்டாது. மூலப்பத்திரத்தை வாங்கிப் பார்த்த வக்கீல், 'பெரியவருக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு பேர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்' என்றார். அம்மா எழுந்து வந்துவிட்டார். இரண்டாவது மனை வங்கி அடமானத்தில் இருந்தது. அதையும் விட்டார். வக்கீலுக்குக் கொடுத்த சில ஆயிரத்தை வீண் செலவு என்று அப்பா புலம்பினார். அந்த 46,000 மட்டும் எந்தக் கணக்கு என்று அம்மா கேட்டதும் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூன்றாவதாகக் கிடைத்தது திருமங்கலத்தைத் தாண்டி 2 சென்ட். அதாவது 871 சதுர அடி. முதலில் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு அது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே, அதில் மாட்டிய மனை. பழைய உரிமையாளர் அரசுக்குக் கட்டணம் கட்டி அதை வரன்முறைப்படுத்தி, அதாவது அங்கீகாரம் வாங்கி வைத்திருந்தார். அந்த வரன்முறை உத்தரவைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் அம்மா விலையே பேசினார். சதுர அடி 350. மொத்தம் கிட்டத்தட்ட 3 லட்சத்து 5,000.

இங்கேதான் அண்ணனின் இரண்டாவது காரணம் வருகிறது, தெரியாத செலவு. அது ஏன் அண்ணே தெரியாத செலவு? கேட்டால் தெரியும் செலவுதானே! அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 33,000 ரூபாய்க்கு மேல் அதற்கே போனது. ஆவண எழுத்தர் தனி. அம்மா இதையெல்லாம் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்குத்தான் மனை தேடினார். நம்மில் பலர் கையில் 5 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்கு மனை பார்க்கிறோம், அப்புறம் பத்திரச் செலவுக்கு வட்டிக்கு வாங்குகிறோம். இன்றைக்குப் பதிவுக் கட்டணம் 2 சதவீதம்தான், 2023 ஏப்ரலில் குறைத்தார்கள். கூடவே கட்டணம் கணக்கிட அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் அந்த 2 சதவீதப் பதிவுக் கட்டணத்திலும் ஒரு சதவீதம் குறைவு. சபையில் இருக்கும் அண்ணன்மார்கள் வீட்டுக்குப் போய் இதை மறந்துவிடுவீர்கள் என்று தெரியும், அண்ணிகள் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் முன்பு மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவை 'ரெரா' என்கிற ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'இன்னைக்கே பாதிப் பணம் கட்டினா தங்கக் காசு' என்று ஒருவன் சொன்னால், தங்கக் காசை வாங்காமல் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

சரி, அந்த மூன்று லட்சமும் இல்லாதவர்? மதுரைக்காரர்களுக்கு ஒத்தி தெரியும், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. சென்னைப் பக்கம் லீஸ், போக்கியம் என்பார்கள். 5 லட்சம் கொடுத்து ஒத்திக்குக் குடிபோனால் மாத வாடகை 6,000 மிச்சம் என்று வையுங்கள். வருடத்துக்கு 72,000. அதே 5 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் 35,000. முடிவில் அசலும் திரும்பி வரும். ஒத்திப் பத்திரத்தைப் பதிய வேண்டும், அந்த வீட்டின் மேல் ஏற்கனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் இதுவும் ரசீதுதான்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. வடபழனி விஜயா மாலில் உங்களுக்கும் ஒரு துளி பங்கு இருக்கலாம். 'ரீட்' என்றால் பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்களை வைத்திருந்து, வரும் வாடகையை அவர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளை. நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் என்கிற 'ரீட்' அந்த மாலையும் வேறு பல மால்களையும் வைத்திருக்கிறது. 2023இல் ஒரு யூனிட்டை 100 ரூபாய்க்கு வெளியிட்டது. பங்குச் சந்தையில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். செலவு போக விநியோகிக்கக் கிடைக்கும் பணத்தில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது செபி விதி. விலை ஏறும், இறங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அண்ணன் கேட்ட 'அவசரத்துக்கு விற்க முடியுமா' என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. மால் தியேட்டரில் பாப்கார்ன் வாங்கும் பணத்தில், மால் வாடகையில் பங்கு!

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, அரை நிமிடம். எதிரணி அண்ணன் கடைசியில் கேட்டார், 'உங்கள் அம்மாவுக்கு அந்த 2 சென்ட்டால் என்ன கிடைத்தது?' என்று. இன்னும் வீடு கட்டவில்லை. இரண்டு முருங்கை நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் ஆடு அதில் ஒன்றைத் தின்றுகொண்டிருக்கிறது. பட்டா மட்டும் வந்துவிட்டது. அதில் அம்மா பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த அம்மாவோடு திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போகிறேன், தீர்ப்பை அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.