சுண்டல் விக்கிறவரும் ரசிகர்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணி பேச்சாளர்களுக்கும், மழை வரும்போல இருந்தும் எழுந்து போகாம உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும், நேரம் கம்மி, எதிரணி சொன்னது நிறைய.

தலைப்பு என்ன? கர்நாடக இசைக் கச்சேரியை பார்க்கு, பீச்சு, மொட்டை மாடின்னு புது விதமா நடத்துறது இசையை வளர்க்குதா, மலிவாக்குதா? வளர்க்குதுன்னு சொல்ல வந்திருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி எதிரணித் தலைவர் ஒண்ணு சொல்லிட்டுப் போனாரே, நீங்களும் கைதட்டினீங்களே, அதை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. "பீச்சுல கச்சேரி வெச்சா சுண்டல் விக்கிறவன்தான்யா ரசிகன்"னு சொன்னாரு. ஐயா, நான் கேக்குறேன், சுண்டல் விக்கிறவருக்குக் காது இல்லையா?

தியாகராஜர் எங்க பாடினாரு? உஞ்சவிருத்தின்னு வீடு வீடா அரிசி வாங்கிக்கிட்டு திருவையாறு தெருவுல பாடிக்கிட்டே போனவர்னுதானே அவரைப் பத்திச் சொல்றோம்? தெருன்னா அதுல மாடு போகும், வண்டி போகும், மோர் விக்கிற அம்மா போவாங்க, அவங்க காதுல அந்தப் பாட்டு விழுந்திருக்காதா? பாபநாசம் சிவன் மார்கழி விடியக்காலையில மயிலாப்பூர் மாட வீதியில பஜனை பாடிக்கிட்டு வந்தாரே, வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருந்த பொண்ணுங்க டிக்கெட் வாங்கியா கேட்டாங்க? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்துல வாசிச்ச தோடி ராகம்னா இன்னைக்கும் சிலிர்க்கிறோமே, அந்த நாகஸ்வரத்தை ஜனங்க கோயில் வீதியிலயும் கல்யாணப் பந்தல்லயும் நின்னு கேட்டாங்க. சாமி புறப்பாட்டுல மல்லாரி வாசிக்கிறப்போ பக்கத்துல பட்டாணி வறுக்கிற சத்தமும் இருந்துச்சு, பலூனுக்கு அழுற குழந்தை சத்தமும் இருந்துச்சு. சங்கீதம் செத்தா போச்சு?

இன்னொண்ணு. டிக்கெட் வாங்கி அரங்கத்துல உக்காந்து கேக்குற சபாதான் பழசு, மத்ததெல்லாம் புதுசுன்னு பேசுறாங்க. சென்னையோட பெரிய சபாவான மியூசிக் அகாடமியே ஆரம்பிச்சது 1928லதான். வர்ணத்துல தொடங்கி, கீர்த்தனை பல பாடி, ராகம் தானம் பல்லவி, அப்புறம் துக்கடாங்கிற சின்னச் சின்னப் பாட்டுன்னு இன்னைக்குக் கேக்குறோமே, இந்தக் கச்சேரி முறையைப் பிரபலமாக்கினவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், அவர் காலம் 1890லேர்ந்து 1967 வரைக்கும். அவர் காலத்துக்கு அது புதுசுதானே! வயலின் யாரு ஊர் வாத்தியம்? முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டு நம்ம பாட்டுக்குள்ள கொண்டுவந்தாரு. அதுவும் புதுசுதான், மைக்கும் புதுசுதான். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் முகம் சுளிச்சிருப்பாங்க, அதையும் தாண்டித்தான் சங்கீதம் நம்மகிட்ட வந்து சேர்ந்திருக்கு.

சரி, இப்ப ஒரு சம்பவம். எங்க அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கச்சேரி. மைக் கிடையாது, மேடை கிடையாது, ஜமக்காளம்தான். பாடுறவங்களுக்கும் கேக்குறவங்களுக்கும் நடுவுல ரெண்டடி இருந்தா அதிகம். ஒன்றரை மணி நேரம் பாட்டு, நடுவுல யார் வேணா கேள்வி கேக்கலாம். ஒரு தடவை சின்ன வயசுப் பொண்ணு ஒருத்தி பாடிக்கிட்டிருக்கா. எங்க தெருவுல இஸ்திரி போடுற அக்கா துணி வாங்கிட்டுப் போக மாடிக்கு வந்தாங்க. வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க.

நல்லா கவனிங்க, தோள்ல துணி மூட்டை. அதை இறக்கல! முழுசா ஒரு பாட்டு முடிஞ்சுது, மூட்டை தோள்லயே இருக்கு. அடுத்த பாட்டு ஆரம்பிச்சுது, அப்பவும் தோள்லயே இருக்கு. ஏன்னு யோசிங்க. மூட்டையை இறக்கினா உக்காரணும், உக்காந்தா யாராவது என்ன நினைப்பாங்களோன்னு ஒரு கூச்சம். முன்னாடி உக்காந்திருந்த மாமி ஒருத்தங்க பார்த்தாங்க, நகர்ந்து இடம் விட்டு "உக்காரும்மா, என்ன அவசரம்"னாங்க. அப்பதான் மூட்டை கீழ இறங்குச்சு. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ராகம் பேர் சொல்லாம ஒண்ணு பாடினா. முடிஞ்சதும் இந்த அக்கா கையைத் தூக்கிட்டாங்க. "ஏம்மா, இது எங்க ஊர்ல ராத்திரி சாமியைப் படுக்க வைக்கிறப்போ நாயனக்காரரு வாசிப்பாரே, அதுதானே?"

அதேதான்! நீலாம்பரி! பள்ளியறைக்குச் சாமி போறப்போ வாசிக்கிற ராகம்! கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துல அப்பா தோள்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டே கேட்ட பொம்பளைப் பிள்ளை, அம்பது வயசுல இஸ்திரி மூட்டையோட வந்து கண்டுபிடிச்சிட்டாங்க. மறுபடி சொல்றேன், அங்க உக்காந்திருந்த எங்கள்ல பாதிப் பேருக்கு அது என்ன ராகம்னு தெரியல. மார்கழிக் கச்சேரி சீசனுக்கு டிக்கெட் வாங்குற வீடுங்க அதெல்லாம். தெரிஞ்சது துணி வாங்க வந்த அக்காவுக்கு! இவங்களைத்தான் ஐயா, ரசிகர் இல்லேன்னு நீங்க சொல்றீங்க. அடுத்த மாசம் அவங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்தாங்க, முன் வரிசையில உக்காந்தாங்க, பாட்டு நின்னு மிருதங்கம் மட்டும் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறப்போ தொடையில தாளம் போட்டாரு அவரு. சபாவுல தனி ஆரம்பிச்சா கேன்டீன் பக்கம் எத்தனை பேரு எழுந்து போவாங்கன்னு எதிரணிக்கே தெரியும்.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பார்க்குல மைக் இல்லாம பிள்ளைங்க பாடுதுங்களே, வாக்கிங் வந்தவங்க நின்னு கேக்குறாங்க. 2015ல பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்துல விழா எடுத்து, கர்நாடக சங்கீதமும் பறையாட்டமும் மீனவர் குடியிருப்புக்குள்ளயே நடந்துச்சு. அங்க பாடினவங்க யாரும் சுருதியைக் குறைச்சுப் பாடல, ஒரே வரியை விதவிதமா விரிச்சுப் பாடுற நிரவலை வெட்டிப் போடல. இடம்தான் மாறுச்சு ஐயா, பாட்டு மாறல.

கடைசியா ஒண்ணு, இதுல வாதம் ஒண்ணும் இல்ல, சொல்லணும்னு தோணுது. எங்க அம்மாச்சி நல்லாப் பாடுவாங்க. ரேடியோவுல கேட்டே கத்துக்கிட்டாங்க, மாவாட்டுறப்போ பாடுவாங்க, பேரன் பேத்தியைத் தூங்க வைக்கிறப்போ பாடுவாங்க. ஒரு தடவை கூட சபாவுக்குள்ள போனதில்ல. நான் கூட்டிட்டுப் போறேன்னா, "அங்கெல்லாம் பெரியவங்க வர்ற இடம், எனக்கென்னடா தெரியும்"னு சொல்லிடுவாங்க. எண்பது வயசு வரைக்கும் பாடினவங்க எனக்கென்ன தெரியும்னு சொன்னாங்க! அந்தப் பயத்தை யாரு அவங்க மனசுல போட்டது? எங்க மாடிக் கச்சேரி அவங்க இருந்தப்பவே நடந்திருந்தா நான் கையைப் பிடிச்சு மாடிப்படி ஏத்திக் கூட்டிட்டுப் போய் முன்னாடி உக்கார வெச்சிருப்பேன். அது நடக்கல. அவங்கள மாதிரி இன்னும் எத்தனை பேரு அடுப்படியிலயே பாடிக்கிட்டிருக்காங்களோ, அவங்களுக்காவது நடக்கட்டும்.

நடுவர் அவர்களே, அவங்களையெல்லாம் நினைச்சுத் தீர்ப்பு சொல்லுங்க. எதிரணித் தலைவரும் வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மாடிக்கு வரணும், டிக்கெட் கிடையாது. நன்றி, வணக்கம்.