அரிசி மணி பேஸ்மேக்கரும் அறுந்துபோன ஒயரும்

(போன ஞாயித்துக்கிழமை சேலம் அஸ்தம்பட்டி பக்கம் நடந்த கூட்டத்துல நான் பேசினது. பேசின மாதிரியே டைப் பண்ணிருக்கேன், இலக்கணம் பாக்காதீங்க.)

மேடையில இருக்கிற தலைவர் ஐயா அவர்களே, மண்டபத்த ஒத்தப் பைசா வாங்காம குடுத்த ஓனர் அண்ணன் அவர்களே, ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து முன்வரிசைல உக்காந்திருக்கிற தோட்டத்துக்கார ஐயா அவர்களே (ஐயா கொண்டாந்த தூள்லதான் இன்னைக்குக் காப்பி), காலேஜ் பசங்கள வேன் புடிச்சுக் கூட்டிட்டு வந்த எலக்ட்ரானிக்ஸ் மேடம் அவர்களே, காது மூக்கு தொண்டை டாக்டரம்மா அவர்களே, பொன்னாடை போத்துன செயலாளர் தம்பி, எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்த வெயில்ல பொன்னாடையோட நின்னு பேச முடியல, மடிச்சு வெச்சுட்டேன், தம்பி தப்பா நெனைக்கக் கூடாது.

நோட்டீஸ்ல தலைப்ப பெருசா போட்டுட்டாங்க, உடம்பு மேலயும் உடம்புக்குள்ளயும் வெக்கிற எலக்ட்ரானிக்ஸ், பல்கலைக்கழக ஆராய்ச்சிகள்னு. நான் ஆராய்ச்சியாளர் கிடையாது. மொதல்ல ரேடியோ மெக்கானிக், அப்பறம் பாலிடெக்னிக்ல லேப் இன்ஸ்ட்ரக்டர், இப்ப ரிட்டயர்டு. அதனால மெக்கானிக் கண்ணுல மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, இந்தப் பொடி சாமானுக்கெல்லாம் கரண்ட் எங்கிருந்து வருது. ரெண்டு, உப்புத் தண்ணி மாதிரி இருக்கிற உடம்புக்குள்ள அது எப்படிக் கெடாம கெடக்குது. மூணு, அது அனுப்புற டேட்டா யாருக்குச் சொந்தம். மூணையும் அரை மணி நேரத்துல முடிச்சர்றேன்.

எங்க ஆயா ஒரு பழமொழி சொல்லும், அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு. நம்மூர் தேர்நிலையத்துல தேர் கிளம்பும்போது எல்லாரும் மேல சாமியப் பாப்பாங்க, எங்க ஆயா மட்டும் குனிஞ்சு சக்கரத்தப் பாக்கும். எனக்கும் அந்தப் புத்திதான் வந்திருக்கு.

இப்ப கையில வாட்ச் கட்டியிருக்கீங்க பாதிப் பேரு, நாடி பாக்குது, ஈசிஜி எடுக்குது. தோல் மேல கெடைக்கிற இதயத்தோட சிக்னல் எவ்வளவு தெரியுங்களா, சுமாரா ஒரு மில்லிவோல்ட். டார்ச் லைட் செல்லுல இருக்கிறதுல ஆயிரத்து ஐநூறுல ஒரு பங்கு. இந்த மண்டபத்து ஃபேன், டியூப் லைட்டுல இருந்து உங்க உடம்புல ஏறுற 50 ஹெர்ட்ஸ் எரைச்சல் அதவிட ஜாஸ்தி. சந்தைக் கூச்சலுக்கு நடுவுல ஒருத்தர் முணுமுணுக்கிறத பிரிச்சுக் கேக்குற வேலை, அதத்தான் அரிசி அகலம்கூட இல்லாத சிப்பு செய்யுது. பல்கலைக்கழக லேபுகள்லயும் பசங்க வருஷக்கணக்கா உக்காந்து டிசைன் பண்ற வேலை இது. சிப்புல இருந்து வெளிய கொண்டு வர்ற தங்க ஒயரு 25 மைக்ரான், நம்ம தலைமுடில மூணுல ஒரு பங்கு. இத எங்கயோ வெளிநாட்டுக்காரந்தான் செய்வான்னு நெனைக்காதீங்க, செவ்வாய்ப்பேட்டைல போயி கொலுசு பத்தவைக்கிறவங்க கையப் பாருங்க, பூதக்கண்ணாடி கூட இல்லாம. அந்தக் கைக்கு ஒரு மைக்ராஸ்கோப்ப குடுக்க ஆளில்ல. இத நான் எந்த மேடையில ஏறுனாலும் சொல்லுவேன், செயலாளர் தம்பி சிரிக்கிறாரு பாருங்க.

சரி, கரண்ட். கரண்ட் கட்டப் பத்தி சேலத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டாம். ஆனா ஒரு கரண்ட் கட்டுதான் உடம்புல மாட்டிக்கிட்டு நடக்குற பேஸ்மேக்கரையே கொண்டாந்துச்சு. பேஸ்மேக்கர்னா, லேசா கரண்ட் குடுத்து இதயத்த ஒழுங்காத் துடிக்க வெக்கிற கருவி. அமெரிக்காவுல மினியாபொலிஸ்னு ஒரு ஊரு, மினசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, அங்க வால்டன் லில்லிஹைன்னு ஒரு சர்ஜன், பிஞ்சுக் குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் பண்றவரு. ஆபரேஷனுக்கு அப்பறம் சில குழந்தைகளுக்குத் துடிப்பு தடுமாறும், அதுக்கு பேஸ்மேக்கர். அந்தக் காலத்து பேஸ்மேக்கர் எப்படின்னா நம்ம பழைய வால்வு ரேடியோ மாதிரி பொட்டி, தள்ளுவண்டில வெச்சு செவுத்து பிளக்குல சொருகணும். குழந்தை கக்கூஸ் போகணும்னாலும் ஒயர் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் தூரம். 1957 அக்டோபர் 31, ஊருக்கே கரண்ட் போச்சு. மூணு மணி நேரம்.

அடடா, கவுன்சிலர் அம்மா வந்திருக்காங்க, வாங்கம்மா வாங்க, முன்னாடி எடம் போடுங்கப்பா. அம்மா வந்தது எங்களுக்குப் பெருமை, போன மாசம் எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் விஷயமா அலைஞ்சு முடிச்சுக் குடுத்தவங்க, கரண்ட் கதை சொல்லும்போது கரெக்டா உள்ள வர்றாங்க பாருங்க. ஒரு கைத்தட்டல்.

எங்க விட்டேன்? மூணு மணி நேரம். அதுல ஒரு குழந்தை தவறிப்போச்சுன்னு பின்னாடி ஏர்ல் பேக்கன்ங்கிறவரு சொல்லியிருக்காரு. யாரு இந்த பேக்கன்? அந்த ஆஸ்பத்திரி மிஷினெல்லாம் ரிப்பேர் பண்றவருங்க! கார் நிறுத்துற கொட்டகைல கடை போட்டு, மொத மாசம் வருமானம் எட்டே டாலர். லில்லிஹை இவரக் கூப்புட்டு பேட்டரில ஓடுற மாதிரி ஒண்ணு செஞ்சு தாயான்னாரு. இவரு ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைல பாட்டு கத்துக்கிறவங்களுக்குத் தாளம் தட்டுற மெட்ரோனோம் சர்க்யூட் வந்தது ஞாபகம் வந்து அதத் தேடி எடுத்தாரு. தாளம்னா என்ன, துடிப்புதான? ரெண்டு ட்ரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, உள்ளங்கைல அடங்குற டப்பா. நாலே வாரம். நாய்க்கு வெச்சுப் பாத்தாங்க, வேலை செஞ்சுது. மறுநாள் பேக்கன் ஆஸ்பத்திரிக்குள்ள போறாரு, ஒரு குழந்தைக்கு அந்த டப்பாவ மாட்டியிருக்கு! அய்யோ டாக்டர், இது சோதனைக்குச் செஞ்சதுன்னு பதறுறாரு. கையில நல்லதா ஒண்ணு இருக்கும்போது இன்னொரு குழந்தைய விடச் சொல்றியாங்கிற மாதிரி டாக்டர் பதில் சொன்னாராம். காலேஜ் பசங்களா, உங்க ஊர் ரிப்பேர் கடைக்காரர இனிமே ‘யோவ்’னு கூப்புடாதீங்க.

அடுத்த வருஷம், 1958, சுவீடன்ல உடம்புக்குள்ளயே வெச்சாங்க. அர்னே லார்சன்ங்கிறவருக்கு. அந்த சர்க்யூட்ட எபாக்சி பிசின் ஊத்தி வார்த்த அச்சு ஷூ பாலிஷ் டப்பா. சில மணி நேரத்துல அது நின்னு போச்சு, இன்னொண்ணு வெச்சாங்க, அதுவும் ரொம்ப நாள் ஓடல. ஆனா மனுசன் மாத்தி மாத்தி இருபத்தஞ்சுக்கும் மேல பேஸ்மேக்கர் வெச்சுக்கிட்டு 2001 வரைக்கும் இருந்தாரு, செஞ்ச இன்ஜினியருக்கும் வெச்ச சர்ஜனுக்கும் அப்பறம்தான் போனாரு. என்னோட ரெண்டாவது விஷயமும் இதுலயே வந்துருச்சு, உடம்புக்குள்ள ஈரம் பூந்துரும், அதனால இப்ப டைட்டானியம் கூடு போட்டு வெல்டு பண்ணி அடைக்கிறாங்க, அவ்வளவுதான்.

இன்னைக்கு எங்க வந்திருக்குன்னா, 2025ல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல ஒரு பேஸ்மேக்கர் செஞ்சு காட்டுனாங்க. மூணரை மில்லிமீட்டர் நீளம், அரிசி மணியவிடச் சின்னது, ஊசில அடைச்சு உள்ள விடலாம். ஒயர் கிடையாது. ரெண்டு விதமான உலோகம், உடம்புத் தண்ணி பட்டா அதுவே பேட்டரி. நெஞ்சு மேல ஒட்டுற ஒரு பட்டை துடிப்பப் பாத்துக்கிட்டே இருக்கும், தடுமாறுனா வெளிச்சம் அடிக்கும், அந்த வெளிச்சம் தோலத் தாண்டி உள்ள போயி சுவிட்ச் போடும். தேவை முடிஞ்சா தானா கரைஞ்சிரும். பொறக்கும்போதே இதயக் கோளாறோட வர்ற சிசுக்களுக்காக யோசிச்சது. மிருகங்கள்லயும், தானமா வந்த மனித இதயத்துலயும் சோதிச்சிருக்காங்க. ஏன் ஒயர் வேண்டாங்கறாங்கன்னா, நிலாவுல கால் வெச்ச நீல் ஆம்ஸ்ட்ராங் 2012ல எப்படிப் போனாரு? இதய ஆபரேஷனுக்கு அப்பறம் தற்காலிக பேஸ்மேக்கர் ஒயர உருவும்போது உள்ள ரத்தக்கசிவு. நிலாவுக்குப் போயிட்டு வந்தவரு, ஒரு ஒயரு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

இப்ப நான் எதுக்காக இங்க வந்தேனோ அதுக்கு வர்றேன். காது கேக்காதவங்களுக்குக் காதுக்குள்ள வெக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட். மெல்போர்ன் பல்கலைக்கழகத்துல கிரேம் கிளார்க், அவரோட அப்பாவுக்குக் காது மந்தம், அந்த வைராக்கியத்துல உழைச்சு 1978ல அவரோட மொத பேஷண்ட்டுக்கு வெச்சாரு. அதுல ஒரு அழகு, உள்ள இருக்கிற பாகத்துல பேட்டரியே கெடையாது. வெளிய காதுல மாட்டுன பிராசசர் சத்தத்த வாங்கி, மண்டைல காந்தத்துல ஒட்டுற ஒரு காயில் வழியா, தோலுக்கு மேல இருந்தே கரண்டும் தகவலும் ரெண்டையும் உள்ள அனுப்புது. நம்ம மாநிலத்துல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சின்னக் குழந்தைங்களுக்கு இத வெச்சுக் குடுக்குறாங்க, கையெடுத்துக் கும்புடுறேன். டாக்டரம்மா தலையாட்டுறாங்க.

ஆனா அந்தப் பிராசசருக்கும் காயிலுக்கும் நடுவுல ஒரு ஒயரு இருக்குங்க, சாண் நீளம்.

எங்க தெருவுல ஒரு பொண்ணு, எட்டாவது படிக்குது. ஒரு நாள் சாயங்காலம் அவங்கம்மா அத எங்கிட்டக் கொண்டாந்தாங்க, மாமா எதுவுமே கேக்கலங்குதுன்னு. மல்டிமீட்டர்ல பீப் வெச்சுப் பாத்தேன். நேரா புடிச்சா பீப்னு கத்துது, பிளக் கிட்ட லேசா வளைச்சா நின்னு போகுது. லென்ஸ்ல பாத்தா மேல ரப்பர் முழுசா இருக்கு, உள்ள செம்பு நூல் அறுந்திருக்கு. தலைய ஆட்டி ஆட்டி வெளையாடுற புள்ள, அறாம என்ன செய்யும். நாப்பது வருஷமா ஈயம் பத்தவெச்ச கை எனக்கு, ஆனா அது மொத்தமா வார்த்து மூடுனது, பிரிக்க வழியில்ல. புதுசு வாங்கணும்னா மெட்ராஸ்ல டீலர். போன் போட்டா பணம் கட்டுங்க, ஸ்டாக் வரணும்னாங்க. இருபத்தி மூணு நாள். அத்தன நாளும் அந்தப் பொண்ணு கிளாஸ்ல கடைசி பெஞ்சுல போயி உக்காந்துக்குச்சாம், டீச்சர் கேள்வி கேட்டுருவாங்கன்னு பயந்துக்கிட்டு. லட்சக்கணக்குல செலவு பண்ணி வெச்ச சாமான், ஒரு ஒயருக்காகச் செவிடாக் கெடந்துச்சு. அச்சாணிங்க, அச்சாணி.

வெளிநாட்டுலயும் இதான் கதை. ஆர்கஸ் 2ன்னு கண்ணுக்குள்ள வெக்கிற சிப்பு, பார்வை போனவங்க முன்னூறு பேருக்கு மேல வெச்சுக்கிட்டாங்க. செஞ்ச கம்பெனிக்குப் பணம் போதாம கைய விட்டுட்டாங்க, சிப்பு கண்ணுக்குள்ளயே இருக்கு, ரிப்பேருக்கு நாதியில்ல.

அதனால பெருசா ஒண்ணும் கேக்கல. நம்ம மாவட்டத்துல அரசாங்க ஆஸ்பத்திரில ஒரு பீரோ. அதுல ஒயரு, காயில், பேட்டரி, ரிப்பேர் ஆகுற வரைக்கும் மாட்டிக்க ரெண்டு இரவல் பிராசசர். பாத்துக்க ஒரு ஆளு, நம்ம பாலிடெக்னிக் பசங்களுக்கே ட்ரெய்னிங் குடுக்கலாம். கவுன்சிலர் அம்மா இத மேல கொண்டு போவாங்கன்னு நம்புறேன், அம்மா இப்ப வேற பக்கம் பாக்காதீங்க.

மூணாவது விஷயத்துக்கு நேரமில்லன்னு செயலாளர் தம்பி சீட்டு அனுப்பிட்டாரு. இன்னொரு கூட்டத்துல பேசிக்கலாம். வாசல்ல தட்டுவடை செட்டும் காப்பியும் இருக்கு, அதுக்கு முன்னாடி மேசைல ஒரு நோட்டு இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, பேனாவ நூல்ல கட்டி வெச்சிருக்கேன், போன தடவ ரெண்டு காணாமப் போச்சு. நோட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறது அந்தப் பொண்ணுதான். பேரக் கேட்டா முகத்தப் பாத்து மெதுவாச் சொல்லுங்க, இவ்வளவு எரைச்சல்ல அதுக்குப் பிரிச்சுக் கேக்குறது கொஞ்சம் செரமம்.