மலையில் ஓடும் பழைய வண்டிக்கு எந்த பிரேக் பூஸ்டர்?

வணக்கம் மக்களே. குமுளியிலிருந்து பேசுகிறேன். பின்னால் நிற்பது ஒரு பழைய டாடா 407. கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றி வருகிற வண்டி. "பிரேக் கல்லு மாதிரி இருக்கு, வேக்கம் பூஸ்டரைத் தூக்கிவிட்டு ஹைட்ராலிக் போட்டுடலாமா?" என்று கேட்கிறார் ஓனர் அண்ணன். இதே கேள்வியை உங்களில் பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஏர் பிரேக் உள்ள பெரிய லாரியை விட்டுவிடுவோம். பிரேக் ஆயிலில் ஓடுகிற சின்ன லாரி, பிக்கப், ஜீப் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கிற வேக்கம் பூஸ்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் அதில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

நம் கால் பெடலை மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுப்பதுதான் பூஸ்டர். வேக்கம் என்றால் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். வேக்கம் பூஸ்டருக்குள் ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி டயாப்ரம் என்கிற ரப்பர் சவ்வு. ஒரு பக்கத்துக் காற்றை உறிஞ்சிவிட்டால், பெடலை மிதிக்கும்போது மறுபக்கம் நுழைகிற வெளிக்காற்று தட்டைத் தள்ளும். 10 அங்குலத் தட்டில் 0.7 பார் அழுத்த வித்தியாசம் கிடைத்தால் சுமார் 350 கிலோ விசை வரும். பெட்ரோல் வண்டிக்கு எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற குழாயான மேனிஃபோல்டிலேயே வேக்கம் கிடைக்கும். டீசலுக்குத் தனி பம்பு வேண்டும். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் இருக்கும், எஞ்சின் ஆயிலில்தான் ஓடும். அந்த ஆயில் பைப் அடைத்தால் உள்ளே இருக்கிற பிளேடுகள் தேய்ந்துபோகும்.

தள்ளுவது வெளிக்காற்று என்பதால் மேலே ஏற ஏற பலம் குறையும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற நம் குமுளியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மூணாறு போனால் ஆறில் ஒரு பங்கு. பம்பு நன்றாக இருந்தால் இதைக் கால் உணராது. தேய்ந்த பம்பு என்றால் மேலே போனதும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹைட்ராலிக் பூஸ்டர் பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தில் ஓடுகிறது. 70 பார் கிடைத்தாலே 5 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் போதும், அதே 350 கிலோ வந்துவிடும். இடம் குறைவு, மலை உயரமும் அதை ஒன்றும் செய்யாது. நல்ல சமாச்சாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பவர் ஸ்டியரிங்கே இல்லாத பழைய வண்டிக்கு பம்பு, பெல்ட், டேங்க், பிரஷர் ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ் எல்லாமே புதிதாக வேண்டும். வழியில் ஒரு ஹோஸ் வெடித்தால் நம் பக்கத்துக் கடைகளில் உடனே கிடைக்குமா என்றும் யோசியுங்கள்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை கொண்டை ஊசி வளைவுதான். லோயர் கேம்ப் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் ஸ்டியரிங்கை ஒடிக்கிறோம், எஞ்சினும் மெதுவாகச் சுற்றுகிறது. பம்பு பழசாக இருந்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே ஆயிலைப் பங்கு போட்டு, ஸ்டியரிங் கனத்துவிடும். பெல்ட் அறுந்தால் இரண்டுமே போச்சு. அக்யூமுலேட்டரில் சேமித்திருக்கிற அழுத்தம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். எஞ்சின் நின்றால் வேக்கம் பூஸ்டரிலும் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறக்குகிற அண்ணன்மாரே, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், இறுகிவிடும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இதோ பாருங்கள், இந்த வண்டியில் அசையவே இல்லை. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். பூஸ்டருக்கு வருகிற வேக்கம் ஹோஸில் கிளிப் போட்ட இடத்தை வளைத்தால் வெடிப்பு வாய் திறக்கிறது, தெரிகிறதா? காற்று இதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு அடியிலும் பாருங்கள், பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறது. பின் சீல் வழியாக பிரேக் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். அது பூஸ்டருக்குள் இறங்கினால் டயாப்ரத்தையும் கெடுத்துவிடும்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஹோஸ், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு, மாஸ்டர் சிலிண்டர் கிட் முதலில் மாற்றுவோம். டயாப்ரத்தைக் கழற்றிப் பார்ப்போம். பிறகும் பெடல் இறங்கவில்லை என்றால் வேக்கம் பம்பு. டிரம்மில் உரசுகிற பிரேக் லைனர் பளபளப்பேறியிருந்தாலும் பெடல் கனமாகத்தான் தெரியும், அதனால் டிரம்மையும் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

வேறு எஞ்சின் ஏற்றி வேக்கத்துக்கு வழியில்லாமல் போன வண்டி, பவர் ஸ்டியரிங்கும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் ஹைட்ராலிக் போடுங்கள், நானே சொல்வேன். அப்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பூஸ்டருக்குப் போவது பவர் ஸ்டியரிங் ஆயில், மாஸ்டர் சிலிண்டருக்குப் போவது பிரேக் ஆயில். ஸ்டியரிங் ஆயில் கொஞ்சம் பிரேக் பக்கம் போனாலும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிவிடும். இரண்டு டேங்க் மூடியிலும் பெயின்டில் பெரிதாக எழுதி வையுங்கள், வண்டியைத் தொடுகிற பையனுக்கும் சொல்லி வையுங்கள்.