செப்டிக் டேங்க் லாரி எங்கே போகிறது?

(காட்சி: விமான நிலையச் சாலை. கார்களுக்கு நடுவே ஒரு கழிவுநீர் லாரி.)

பெங்களூரின் அல்சூரிலோ சிவாஜிநகரிலோ வளர்ந்தவர்களுக்கு, நகரத்துக்கு வடக்கே இருக்கிற தேவனஹள்ளி என்றால் ரெண்டு விஷயம்தான்: திப்பு பிறந்த ஊர், விமான நிலையம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நாற்றமடிக்கிற விஷயம். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடித்துவிட்டு வாருங்கள்.

பாதாளச் சாக்கடை போகாத ஊர்களில் வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். அது கழிவை முழுக்கச் சுத்தம் செய்துவிடும் என்று பலர் நினைக்கிறோம். இல்லை. கெட்டியானது அடியில் தங்கும், பிசுக்கு மேலே மிதக்கும், நடுத்தண்ணீர் வெளியேறும். பெரும்பாலும் அவ்வளவுதான். அடிக்கசடைச் சில வருடங்களுக்கு ஒருமுறை லாரி உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே கொட்டுவீர்கள் என்று டிரைவரை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. பல ஊர்களில் அது ஏரி ஓரத்துக்கோ வயலுக்கோதான் போகிறது.

(காட்சி: லாரிக் குழாய் ஒரு தொட்டியில் கொட்டுகிறது.)

தேவனஹள்ளியில் 2015-ல் அதற்கென்றே ஓர் இடம் வந்தது. ஒரு ஊர் அளவில் இந்தியாவின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம். நாளுக்கு 6,000 லிட்டர்தான். லாரியின் அளவைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ லோடு.

முதலில் கம்பி வலை. துணி, பிளாஸ்டிக், நாம் ‘ஃப்ளஷ் பண்ணினால் போய்விடும்’ என்று போட்ட எல்லாம் இங்கே மாட்டும். அடுத்து காற்றுப் புகாத தொட்டிகள். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசடைத் தின்று வாயுவாக்குகின்றன. பிறகு கசடு மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் காயும். வடிந்த நீர் தனிவழியில், தடுப்புச் சுவர் வைத்த தொட்டிக்குப் போகும். ஒவ்வொரு அறையிலும் நீர் அடியில் நுழைந்து, அங்கே படிந்த கசடைத் துளைத்துக்கொண்டு மேலேறும். கசடில்தான் பாக்டீரியா இருக்கிறது. அதனால் இந்த மாதிரித் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது முழுக்க வழித்தெடுக்கக் கூடாது. தயிர்ப் பாத்திரத்தில் உறைக்குக் கொஞ்சம் விட்டுவைப்போமே, அப்படி.

(காட்சி: ஜல்லிப் படுகையில் செடிகள்.)

கடைசியில் ஜல்லிப் படுகை. அதில் செடி நட்டிருப்பார்கள். இந்த வேலைக்குக் கல்வாழை, நாணல் வகைகள் ஏற்றவை. நீர் மேடான இடத்திலிருந்து தானாகவே சரிந்து வருவதால் பெரும்பாலும் மோட்டார் தேவைப்படாது. கரண்ட் போய்ப் போய் வருகிற சிற்றூருக்கு இதுதான் முக்கியம். மெஷின் வைத்துக் கட்டிய பிளான்ட் பல இடங்களில் கரண்ட் பில் கட்ட முடியாமலேயே நின்றுவிடுகிறது.

அப்புறம் காய்ந்த கசடு. பார்க்க மண் மாதிரிதான் இருக்கும், ஆனால் நேராக வயலில் போடக் கூடாது. மனிதக் குடலில் வாழும் நாக்குப்பூச்சியின் முட்டைகள் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காய்கறிக் குப்பையோடு கலந்து குவித்தால் குவியல் தானே சூடேறும். 50, 60 டிகிரியில் சில நாள் இருந்தால் அந்த முட்டைகள் செத்துவிடும். அதற்குப் பிறகுதான் அது எரு. குவியலைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வராவிட்டால் அந்தச் சூடு அதற்குப் படாது.