சேற்றுக்குப் போகும் காடி

நேயர்களுக்கு வணக்கம். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவதில் கொஞ்சம் வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. நம் தீவிலேயே உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. 164 மீட்டர்கூட முழுதாக இல்லை. அதன் உச்சிவரை தார் போட்டு வைத்திருக்கிறார்கள், அதிலும் நாம் நடந்துதான் ஏற வேண்டும். பூங்காவுக்குள்ளோ இயற்கை வனப்பகுதிக்குள்ளோ காடியை விட முடியாது. ஆனாலும் என் பட்டறைக்கு இந்த வண்டிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. காரணம் எளிது. கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குள் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் குளுவாங், காஹாங் பக்கம் தார் முடிந்து செம்மண் தொடங்கிவிடுகிறது.

காஹாங்கிலிருந்து எண்டாவ் ரோம்பின் தேசியப் பூங்காவின் கம்போங் பேத்தா நுழைவாயிலுக்குப் போகும் வழி 50 கிலோமீட்டருக்கு மேல். செம்பனைத் தோட்டம், மரம் வெட்டிய காட்டுப் பாதை, நடுவில் சிறு பாலங்கள். சாதாரண கார் அங்கே சரிப்படாது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் பால் வெட்டிய ஜோகூர்த் தோட்டங்களும் இந்த வட்டாரத்தில்தான் இருந்தன. அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று சொல்லும்போது நம்மாட்கள் ‘எஸ்டேட் பக்கம் போறேன்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.

முதலில் பணக் கணக்கைப் பேசிவிடுவோம். இங்கே நாம் வாங்குவது வண்டியை மட்டுமல்ல, பத்து ஆண்டுக்கு அதை ஓட்டும் உரிமையையும் சேர்த்துத்தான். அந்த உரிமையைத் தரும் வாகன உரிமைச் சான்றிதழ் 1990இல் வந்தது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் அது 150,001 வெள்ளிக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு மேல் கூடுதல் பதிவுக் கட்டணம், சுங்கவரி, பொருள் சேவை வரி. வண்டியின் மூல விலை ஏற ஏறப் பதிவுக் கட்டணத்தின் விகிதமும் ஏறும். ஆகவே ஆஸ்திரேலியாவில் ஒரு தச்சர் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகிற அதே லேண்ட் குரூசர் இங்கே வந்தால் பணக்காரர் வண்டியாகிவிடுகிறது.

சுஸுகி ஜிம்னிக்கு இங்கே இவ்வளவு மவுசு இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 2018இல் வந்த இப்போதைய ஜிம்னியின் எஞ்சின் 1,462 சிசி. சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவின் வரம்பு 1,600 சிசி, 97 கிலோவாட். ஜிம்னி தாராளமாக உள்ளே அடங்கிவிடும். பொம்மை மாதிரி இருக்கிறதே என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உடலுக்கு அடியில் ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் ஒரே தண்டாகச் சேர்க்கும் முழு ஆக்ஸில், மெதுவாக அதிக விசையோடு ஓட்ட லோ ரேஞ்ச் கியர் என்று காட்டு வண்டிக்கு வேண்டியது எல்லாமே அதில் இருக்கிறது. எடையும் 1,100 கிலோவை ஒட்டித்தான். சேற்றில் எடை குறைவாக இருப்பது பாதி வெற்றி. இரண்டரை டன் வண்டி புதைந்த இடத்தில் ஜிம்னி சத்தமில்லாமல் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

பத்து ஆண்டு முடிந்த பழைய வண்டியை வாங்கிச் சான்றிதழைப் புதுப்பிப்பவர்களும் உண்டு. அது தப்பில்லை. ஆனால் பதினோராம் ஆண்டிலிருந்து சாலை வரியோடு 10 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும், அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். பரிசோதனையும் ஆண்டுதோறும் வரும். வாங்குவதற்கு முன்பு வண்டியைத் தூக்கி, சட்டத்தின் உட்பக்கத்தை விளக்கடித்துப் பாருங்கள். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், துரு உள்ளிருந்துதான் தின்னும்.

சரி, வண்டி வந்துவிட்டது. அப்புறம்? கைப்பேசியில் உயரம் ஏற்றிய வண்டி ஒன்றின் படத்தைக் காட்டிக்கொண்டு வருவார்கள்.

“அண்ணே, நாலு இஞ்ச் ஏத்தினா எவ்வளவு ஆகும்?”

“தம்பி, உங்க புளோக் கார்நிறுத்துமிடத்துல உயரம் எவ்வளவுன்னு போட்டிருக்கு?”

அதற்கு முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. பெரிய வண்டியை ஏற்றி, கூரையில் ரேக் வைத்து, அதன் மேல் கூடாரமும் கட்டினால், பல மாடிக் கார்நிறுத்துமிடத்தின் நுழைவாயிலில் தொங்கும் கம்பியே உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழு ஆக்ஸில் உள்ள வண்டியில் உயரம் ஏற்றும் லிஃப்ட் கிட் போட்டால் உடல்தான் மேலே போகும். ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கி, விசையை இரு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறதே டிஃபரன்ஷியல், நாங்கள் டிஃப் என்போம், கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அது இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரால்தான் முடியும், அதுவும் விட்டம் கூடுவதில் பாதி அளவுக்குத்தான். ஜிம்னியின் 195/80 டயரை எடுத்துவிட்டு 215/75 போட்டால் டிஃப் 5 மில்லிமீட்டர் உயரும். அவ்வளவுதான்.

லிஃப்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாறையிலும் பள்ளத்திலும் வயிறு இடிக்காமல் போக ஒன்றரை, இரண்டு அங்குலம் உதவும். அதற்கு மேல் போனால் புவியீர்ப்பு மையம் உயர்ந்துவிடும், ஸ்டீயரிங் கோணம் கெட்டுவிடும், வேகத்தில் முன்சக்கரம் உதறத் தொடங்கும். அப்புறம் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று, அதைச் சரிசெய்ய மற்றொன்று. வாரத்தில் ஐந்து நாள் விரைவுச்சாலையில் ஆபீஸுக்குப் போகிற வண்டி இது என்பதை மறந்துவிடக் கூடாது.

அரசாங்கச் சட்டமும் இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி கேட்காமல் செய்யலாம், அனுமதி பெற்றுச் செய்யலாம், செய்யவே கூடாது. எது எதில் வரும் என்பதை ஆணையத்தின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். பொருளை வாங்கிவிட்டு வந்து “இது ஓகேதானே அண்ணே” என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. பரிசோதனை நிலையத்தில் என் வார்த்தை செல்லாது.

அப்படியானால் பணத்தை எதில் போடலாம்? என்னைக் கேட்டால் டயரில். ஆல் டெரெய்ன், மட் டெரெய்ன் என்று இரண்டு வகை. மட் டெரெய்னில் கட்டை கட்டையான ரப்பருக்கு நடுவே இருக்கும் அகலப் பள்ளங்கள் சேற்றைக் கழற்றி எறியும். பார்க்கவும் கம்பீரம். ஆனால் நம் ஊர் மழையில், நனைந்த தாரில், அதன் பிடி குறைவு. பிரேக் தூரம் நீளும், இரைச்சல் காதைக் குடையும். மாதம் ஒரு முறைகூட மண்ணுக்குப் போகாதவருக்கு ஆல் டெரெய்ன் போதும்.

டயரைவிட முக்கியம் அதில் இருக்கும் காற்று. நூறு வெள்ளிகூடச் செலவில்லாத வேலை இது, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவும். செம்மண் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, வால்வைத் திறந்து, காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். உஸ்ஸென்று காற்று இறங்க இறங்கப் பக்கச்சுவர் மெல்லப் பிதுங்கி வருவது தெரியும். டயர் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மண்ணைத் தொடும் பகுதி அதிகமும் நீளவாக்கில்தான் வளர்கிறது. கல்லின் மேல் ஏறும்போது ரப்பர் அதன் வடிவத்துக்கு வளைந்து பிடித்துக்கொள்ளும். முன்பு நான்கு சக்கரமும் வழுக்கிய ஏற்றத்தில் எஞ்சின் உறுமாமல் ஏறிப் போய்விடலாம். 15க்குக் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வர வாய்ப்புண்டு. தாருக்குத் திரும்பியதும் கட்டாயம் காற்று அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே நல்ல அளவுமானி ஒன்று, பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஒன்று. இவை இல்லாத வண்டியில், கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச்சைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அடுத்தது, மாட்டிக்கொண்டால் வெளியே வரும் வழி. முன்னும் பின்னும் சட்டத்தோடு சேர்ந்த, எடை தாங்கும் அளவு பொறித்த இழுவைக் கொக்கி வேண்டும். கப்பலில் வரும்போது வண்டியைக் கட்டிவைக்கும் வளையம் ஒன்று அடியில் இருக்கும், அது இழுப்பதற்கு அல்ல. டிரெய்லர் மாட்டும் இரும்புக் குமிழில் கயிற்றைப் போட்டு இழுக்கவே கூடாது. குமிழ் ஒடிந்தால் பீரங்கிக் குண்டுதான், ஆள் செத்திருக்கிறார்கள். கயிறு இறுகும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, படம் பிடிக்கும் நண்பர் உட்பட. வின்ச் வாங்குவதானால் வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடியதாக வாங்குங்கள். முன்பக்கம் அவ்வளவு எடையை வைத்தால் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டி வரும். இரண்டு வண்டியாகப் போகிறவர்களுக்கு நல்ல கயிறும் மண்வெட்டியுமே பெரும்பாலும் போதும்.

காகிதங்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் கண்டிப்பாகிவிட்டது, இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். இங்கிருந்து கிளம்பும்போது பெட்ரோல் முக்கால் தொட்டி இருக்க வேண்டும். அங்கே மானிய விலை ரான் 95 பெட்ரோல் நமக்குக் கிடையாது. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் போக அந்த மாநிலக் காட்டிலாகாவின் அனுமதி வேண்டும், தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தை ஒரு முறை உட்கார்ந்து படியுங்கள். சாலை இல்லாத இடத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எண்டாவ் ரோம்பினை மூடிவிடுவார்கள். அந்த மழைக்காலத்தைத் தேடிப் போகிற கூட்டமும் இருக்கிறது, 1997இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி அவர்களுக்கானது. நமக்கு அது பார்க்க மட்டும்.

இனி தண்ணீர். ஆற்றைக் கடக்க, எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றை எடுத்துவரும் ஸ்நோர்கெல் குழாய் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. எஞ்சின் தண்ணீரைக் குடித்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆகவே ஆழமான ஆற்றில் ஸ்நோர்கெல் பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்க்கிற தண்ணீர்ச் சேதத்தில் பெரும்பாலானவை முழங்கால் அளவு ஓடையில் நடந்தவை. எப்படி என்றால், பல மைல் ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். டிஃப்பின் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் தண்ணீருக்குள் இருந்தால், அல்லது சேறு அடைத்திருந்தால், தண்ணீர் நேராகவோ சீல் வழியாகவோ உள்ளே போய்விடும். அந்தக் குழாயை ஒரு ரப்பர் குழாயால் நீட்டி எஞ்சின் அறையின் உச்சியில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஸ்நோர்கெல் விலையில் சிறு பங்குதான் ஆகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. அதனால்தான் யாரும் கேட்பதில்லையோ என்னவோ.

இறங்குவதற்கு முன் ஒருவர் கையில் குச்சியோடு நடந்து ஆழம் பார்க்க வேண்டும். அட்டை கடிக்கும், கடிக்கட்டும். நடந்து கடக்க முடியாத ஓட்டத்தில் வண்டியையும் இறக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் வண்டியின் மேலே மட்டும் கழுவிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். செம்மண் சட்டத்தின் சந்துகளிலும் பிரேக்கிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் ஈரம் காக்கும். அடியில் நல்ல அழுத்தத்தில் தண்ணீர் அடித்து, வடியும் நீர் தெளிவாகும்வரை கழுவுங்கள். தண்ணீரில் இறங்கிய வண்டியாக இருந்தால் அந்த வாரமே டிஃப்பின் அடைப்பானைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெயைப் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக வந்தால் மூடிவிடலாம். பால் கலந்த தே தாரே மாதிரி கலங்கி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அதோடு ஓட்டினால் பேரிங் துருப்பிடித்து, சில மாதத்தில் பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வரும். அப்போதே எண்ணெயை மாற்றி, சிறிது தூரம் ஓட்டி, இன்னொரு முறையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸுக்கும், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதே சோதனைதான்.

வாய்ப்பளித்த வானொலி நண்பர்களுக்கு நன்றி. வணக்கம்.